பதினேழு வயதுப் பெண்ணுக்கு

காரைக்குடி,
17.3.1998

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஷீலாவின் கையிலிருந்து கையுறைகளைக் கழற்றினேன். நேற்று அவள் பிறந்தநாளுக்கு வந்த நீலக் கம்பளிக் கையுறைகள்தான். போட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள். இந்த வெக்கையில் உள்ளங்கை வேர்த்து ஊறிப்போயிருந்தது.

நீங்கள் டென்மார்க் போனபின் அவளுக்கு அனுப்பிய முதல் பரிசு. பதினாறு வயதுப் பெண்ணுக்குக் காரைக்குடியில் கம்பளி எதற்கு என்று கேட்டேன். "அப்பா நம்மளக் கூப்பிடப் போறாகம்மா. அதச் சொல்லத்தான் இத அனுப்பியிருக்காக. உங்களுக்குத்தான் புரியல" என்றாள். பள்ளிக்கூடத்திலும் இதையே சொல்லி வைத்திருக்கிறாள் போல. அவள் தோழி ரோகிணி வந்து, "ஐஸ்கட்டி நாட்டுக்குப் போறவுகளுக்கு இங்குட்டு என்ன வேலை, எந்திரிச்சுக் கெளம்புங்கடி" என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

ஒரு குறை உண்டு. கூட வந்த வாழ்த்து அட்டையில் அவள் பெயர்கூட அச்செழுத்தில் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் கையால் இரண்டு வரி எழுதக் கூடாதா? கல்லூரி நூலக வேலைக்குக் கிளம்ப வேண்டும், நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
இன்பம்


கோபன்ஹேகன்,
4.4.1998

அன்புள்ள இன்பம்,

உன் கடிதம் கிடைத்தது. ஷீலாவுக்குப் பிடித்திருந்தால் அதுவே போதும். அவள் கெட்டிக்காரி. அவள் நினைத்தபடியே நினைத்துக்கொள்ளட்டும், ஒருநாள் நடக்கும்.

இந்தச் சின்ன நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மற்ற நாளிலும் வேலை முடிந்து போவதற்குள் அடைத்துவிடுகிறார்கள். அதனால் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாமான் வாங்கும் பழக்கம் இப்போதுதான் தொற்றிக்கொண்டிருக்கிறது. வங்கி அட்டையின் எண்ணை அதில் தட்டப் பயப்படுகிறவர்கள், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்கிறார்கள். வாயால் சொன்னால் பத்திரம் என்று நினைப்பு. செருப்பு வேண்டுமென்றால் மூன்று அளவில் வரவழைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். நம் ஊர் ஜவுளிக்கடையில் மடிப்புக் கலைந்த சேலையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன பேச்சு வாங்குவோம்! இங்கே அப்படித் திரும்பி வரும் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதுதான் என் வேலை. ஏன் திருப்பினீர்கள் என்று யாரிடமும் கேட்கக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு வரப் பார்க்கிறேன்.

உன்
பிரகாஷ்


கோபன்ஹேகன்,
8.11.1998

இன்பம்,

அறையில் தனியாக இருக்க முடியவில்லை. மூளைக் காய்ச்சல் என்று போன் வந்த அன்றே புறப்பட்டும் நம் ஷீலாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஈர மண்ணைத்தான் பார்த்தேன். விடுப்பு முடிந்துவிட்டது என்று பத்து நாளில் உன்னை விட்டு வந்ததும் தவறு.

நீ இங்கே வந்துவிடு. ஒரே வீட்டில் இருந்தால் அழுவதையாவது சேர்ந்து அழலாம். விசாவுக்கான தாள்களை அனுப்பியிருக்கிறேன். உன் தம்பி மரிய ஆனந்த் டெல்லித் தூதரகத்துக்குக் கூட்டிப் போவான். வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

பிரகாஷ்


காரைக்குடி,
17.3.1999

அன்புள்ள அத்தானுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பத்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அங்கே அவளை மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

நேற்று அவளுக்குப் பதினேழு முடிந்திருக்கும். தபால்காரர் சின்னக்கருப்பு ஒரு பார்சலை வைத்துக்கொண்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "பாப்பா பேருக்கு வந்திருக்குக்கா. திருப்பி அனுப்பிரவா?" என்று கேட்டார். வாங்கிப் பிரித்தேன். சைக்கிளில் மாட்டுகிற, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு.

அத்தான், அவள் இருட்டில் கிடக்கிறாள் என்று எனக்கு மட்டும்தான் தோன்றுகிறது என்று இருந்தேன். உங்களுக்கும் தோன்றியிருக்கிறது. சாயங்காலம் ரோகிணியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் அதை எரியவிட்டேன். காற்றில் மெழுகுவர்த்திகள் அணைந்துவிட்டன. உங்கள் விளக்கு நின்று எரிந்தது.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவளைப் பெட்டியில் வைத்தபோது அந்தக் கையுறைகளைப் போட்டுவிட்டேன். ஜெபமாலையைக் கம்பளி விரல்களில்தான் சுற்றினேன். "என்னக்கா இது, ஊரு என்ன பேசும்" என்று தம்பி சத்தம் போட்டான். அப்பா கூப்பிடுவார் என்று காத்திருந்தவளை நான் வெறுங்கையோடு எப்படி அனுப்புவேன்?

நான் வருகிறேன். ஈஸ்டர் கழித்து டெல்லிக்குப் போகத் தம்பி டிக்கெட் எடுத்துவிட்டான்.

உங்கள்
இன்பம்


கோபன்ஹேகன்,
29.3.1999

அன்புள்ள இன்பம்,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. இதை மறைத்துக்கொண்டு உன்னை இங்கே வரவழைக்க மனம் வரவில்லை.

விளக்கை நான் அனுப்பவில்லை. வேலையில் சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. பெயர், விலாசம், பிறந்த தேதி கொடுத்துவிட்டால் இருபது வயது வரை ஆண்டுதோறும் ஒரு பரிசு போகும். வயதைப் பார்த்து எதை அனுப்புவது என்று கம்ப்யூட்டரே முடிவு செய்யும். இங்கே அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் சைக்கிளில் போகிறவர்கள். குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் விளக்கு.

கையுறையும் அப்படிப் போனதுதான். நீ எழுதிய பிறகுதான் என்ன போயிற்று என்றே எனக்குத் தெரியும். அன்றே சொல்லியிருக்கலாம். அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். பெட்டியில் வைத்தாய் என்று படித்தபோது என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

அவள் பெயரை நீக்கச் சொல்ல மறந்தது என் தப்பு. இந்த வாரமே நீக்கச் சொல்கிறேன். இதை வைத்து வராமல் இருந்துவிடாதே.

உன்
பிரகாஷ்


காரைக்குடி,
12.4.1999

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வந்தது. படித்தபின் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஷீலாவுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. அப்பா கூப்பிடப் போகிறார் என்ற நினைப்போடுதான் போனாள். விளக்கைப் பார்த்து உங்களிடம் திரும்பி வந்தவள் நான். அந்த விளக்குக்குப் பின்னால் நீங்கள் இல்லை.

இங்கே ரேஷன் கார்டில் அவள் பெயரை அடித்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் அவள் இடத்தில் வேறு பெண் உட்காருகிறாள். என் முன்னால் அவள் பெயரைச் சொல்லாமல் இருக்க எல்லோரும் பழகிக்கொண்டார்கள், ரோகிணிகூட. அவளுக்குப் பதினேழு வயது ஆகிறது என்று நினைத்துக்கொண்டது உங்கள் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அவள் பெயரை நீக்காதீர்கள். நீக்கியிருந்தால் மறுபடியும் சேர்த்துவிடுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

விசாத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். திரும்பி வருவதை ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளப் பழகியவர் நீங்கள்.

நாளைக் காலை தம்பி என்னைக் கூட்டிப்போக வருவான். அவன் சந்தேகப்படாமலிருக்கப் பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருக்கிறேன். அவனிடமும் சொல்லவில்லை, யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. நான் வரவில்லை, அத்தான். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன வருகிறதோ, அதைக் கையெழுத்துப் போட்டு வாங்க இந்த விலாசத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இன்பமேரி