கீழே கொண்டுபோக வேண்டாம்

குன்னூர்,
12 டிசம்பர் 2004

அன்புள்ள மருதாசலத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. இந்த முறை அதை விட்டுவிடுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். இந்த முதியோர் இல்லத்தில் போன் மேட்ரன் மேசையில் இருக்கிறது. மஸ்கட்டில் நீ அழுகிறாய். இங்கே நான் சரி, சரி என்று வைத்துவிடுகிறேன். மூன்று முறை அப்படி ஆயிற்று.

பனி அதிகம். எதிர்ச் சரிவில் தேயிலை கருகிக் கிடக்கிறது. ஜன்னல்களை மூடியே வைக்கிறார்கள். நான் ஆண்கள் பகுதியில், அம்மா பெண்கள் பகுதியில். பத்து மணிக்கு உள்ளே விடுவார்கள். ஐந்துக்கு எழுப்பி அனுப்புவார்கள். நாற்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளைப் பார்க்க எனக்குப் பார்வையாளர் நேரம்.

அம்மாவுக்கு இப்போது கஞ்சி இரண்டு கரண்டி. பேச்சு குறைந்துவிட்டது. கேலி குறையவில்லை.

செப்டம்பரிலும் நவம்பரிலும் மூச்சுத் திணறியபோது ஆம்புலன்ஸில் மலையிறக்கிக் கீழே கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அது உனக்குத் தெரியும். தெரியாததை எழுதுகிறேன். இரண்டாவது முறை, தொண்டையில் போட்ட குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் பார்க்கலாம். ஒன்பது நாள். அவள் என்னையே பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இனி இதயமும் நுரையீரலும் தேறாது, அடுத்த முறை போனால் குழாயிலிருந்து மீளமாட்டார் என்று இங்கு வரும் டாக்டர் சொன்னார். இங்கேயே வைத்து, திணறல் தெரியாமல் மருந்து கொடுக்கலாம், பக்கத்தில் நான் இருக்கலாம் என்றார். நேரம் பார்க்காமல். அதற்கு ஒரு படிவம் உண்டு. பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும்.

பொறுப்பாளர் நான் இல்லை. நீ.

சேர்ந்த அன்று படிவத்தை நிரப்பியது நான்தான். எஸ்டேட் ஆபீசில் முப்பத்தாறு வருடம் அதையே செய்தவன். மேட்ரன் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டேன். மனைவிக்குப் பொறுப்பாளராக உங்கள் பெயரையே எழுதுங்கள் என்று அவர் சொன்னார். மகன் இருக்கிறான் என்றேன். உன் பெயர், உத்தியோகம், மஸ்கட் முகவரி. அவர் பார்க்கட்டும் என்று சற்றுப் பெரிய எழுத்தில். அவசரத்தில் எல்லாச் சிகிச்சையும் அளிக்கவும் என்ற கட்டத்தில் டிக் போட்டதும் நான்தான். லீவில் வந்திருந்த நீ படிக்காமல் கையெழுத்திட்டாய். அப்பா நிரப்பினால் சரியாக இருக்கும் என்று. இப்போது மாற்றவும் உன் கையெழுத்தே வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "ஏனுங்க, எஸ்டேட்டு பூராத்துக்கும் லீவு லெட்டரு எழுதிக் குடுத்தீங்க. எனக்கு ஒண்ணு எழுத முடியலீங்களா" என்றாள். சிரித்தாள். இருமல் வந்தது. தணிந்த பிறகு, "என்னெ மறுக்காக் கீழ கொண்டுபோக உட்றாதீங்க, கட்டிப்போடுவாங்க" என்றாள்.

அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் ஜெஸிந்தா பந்தலூர்ப் பெண். முந்தாநாள் மதியம் அம்மாவின் உதடு நீலமானபோது யாரையும் கூப்பிடவில்லை. தலையணைகளை உயர்த்தி வைத்து முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அரை மணியில் தணிந்தது. "இந்த ஒருக்கா நான் காணல்லைங்க ஐயா. அடுத்தவாட்டி சொல்லத்தான் வேணும், இல்லாட்டி என் வேலை போயிரும்" என்றாள். அவள் சொன்னால் ஆம்புலன்ஸ் வரும். நான் கதவருகே நின்று வழிவிடுவேன்.

படிவம் உறையில் இருக்கிறது. கையெழுத்திட்டுக் கூரியரில் அனுப்பு. லீவு கிடைத்தால் நீயே கொண்டு வா. லீவுக்காகக் காத்திருக்காதே. இன்னொரு படிவமும் வைத்திருக்கிறேன், அது எனக்கு. சேர்த்தே போட்டுவிடு. என் முறை வரும்போது உனக்கு எழுத இங்கே ஆள் இருக்காது.

பெற்றவளைக் கைவிட்டான் என்று நாலு பேர் சொல்லமாட்டார்களா என்று போனில் கேட்டாய். சொல்வார்கள். அப்பா சொல்லித்தான் போட்டேன் என்று சொல். உன் மாமன்மாரிடமும் அப்படியே சொல். உன் மனம் என்றாவது கேட்டால் அதனிடமும் சொல்.

போடு, சாமி. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
லிங்கசாமி