கீழ் வீட்டுப் பிரிண்டருக்கு ஒரு தாள்

அக்கா,

இன்று மத்தியானம் நீங்கள் ஊராருக்கு அடிக்கும் கருமாதி அழைப்புப் பைலைத் திறக்கப் போனேன். விடமாட்டேன் என்கிறது. அதை 'அக்கா' திறந்து வைத்திருக்கிறாராம், முடித்ததும் எனக்குச் சொல்லுமாம். கம்பியூட்டரில் நீங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. அட பாவி மெஷினே என்று வாய்விட்டுத் திட்டினேன். பிறகு அழுதேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று கதிரையை விட்டு எழுந்தபோது நீங்கள் யாருக்கோ அழைப்பு அடித்துக்கொண்டிருந்தீர்கள். பைலை மூடவில்லை. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு கரண்டும் போய்விட்டது. அதுக்கென்ன தெரியும், நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

பிலிமத்தலாவை மலைச் சரிவில் வீடு கட்டினால் இப்படித்தான். ரோட்டு மட்டத்தில் தம்பி குடும்பம் நாங்கள், உள்படியில் இறங்கினால் அண்ணன் குடும்பம் நீங்கள். ரவுட்டர் எங்களிடம், பிரிண்டர் உங்களிடம். பள்ளிக்கூட வினாத்தாளை மேலேயிருந்து அனுப்பிவிட்டு, "அக்கா, பேப்பர் இருக்கா?" என்று கத்துவேன். "அனுப்பிட்டுக் கேக்குற ஆளப் பாரு" என்று கீழேயிருந்து வரும். ஊராருக்கு நீங்கள் அடித்துக் கொடுக்கும் அழைப்புகளையெல்லாம் இரண்டு பேருக்கும் பொதுவான போல்டரில் போடுவீர்கள். நான் எழுத்துப் பிழை பார்ப்பேன்.

பிறகு வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பிரித்து எழுதும் பேச்சில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். மூத்தவர் பெரியத்தான் உள்படிக் கதவுக்குக் கீழிருந்து கொண்டி போட்டார். வைஃபைக்கு யார் கொண்டி போடுவது? நான் அனுப்புவது எப்போதும்போல அடித்து விழுந்தது. நீங்கள்தான் அதை எடுத்துக்கொண்டு ரோட்டைச் சுற்றி ஏறி வந்து ஜன்னலில் நீட்டுவீர்கள். "ரெண்டு ஆம்பளைங்க ரோசத்துக்கு எங்காலு வலிக்குது" என்பீர்கள், மூச்சு வாங்க.

உங்களிடம் அழைப்பு அடிக்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தம்பி பேர் வேண்டாம், மருமகன் பேர் வேண்டாம் என்று நிற்பார்கள். நீங்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, எல்லாப் பேரையும் போட்டு முதல் தாளைக் கையில் கொடுப்பீர்கள். "தாள்ல பாத்துட்டா வெட்ட மனசு வராது, புள்ள" என்று என்னிடம் சொல்வீர்கள். பெரும்பாலும் வெட்டமாட்டார்கள்.

உங்களைக் கடைசியாகத் தூக்கும்போது இவர் வந்து ஓரமாக நின்றார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கூப்பிடாத கருமாதிக்குப் போகமாட்டேன் என்று வந்ததும் சொல்லிவிட்டார். கீழேயும் கூப்பிடுகிற எண்ணம் இல்லை. உங்கள் கருமாதி நடக்கும்போது, நீங்கள் சோறு போட்டு வளர்த்த கொழுந்தன் அதே வீட்டு மாடியில் உட்கார்ந்திருப்பதா? எனக்குப் பொறுக்கவில்லை.

இன்றைக்குத்தான் உங்கள் போல்டர் திரும்பவும் என் திரையில் தெரிந்தது. அப்படியென்றால் பெரியத்தான் உங்கள் கம்பியூட்டரைப் போட்டிருக்கிறார். உங்கள் போட்டோவைத் தேடிக்கொண்டிருப்பார். பைலைப் பிரதி எடுத்து, யாருடையவோ பெயர் இருந்த இடத்தில் உங்கள் பெயரை அடித்தேன். கடைசியில் அண்ணன் பெயர், அதற்குப் பக்கத்தில் தம்பி பெயர். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரே ஒரு தாள் அனுப்பினேன்.

பிரிண்டர் தாளை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டு போய் சோற்றை வடித்தேன்.

அப்போது கொண்டி விலகியது. பெரியத்தான் தாளோடு ஏறி வந்து வாசலிலேயே நின்றார். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்க்கவில்லை.

"தம்பி, எத்தன அடிக்கணும்?"

இவர் தாளை வாங்கினார். படித்தார், திரும்பவும் படித்தார். "அண்ணிக்கு நெறையப் பேரு வருவாங்கண்ணே. நூறாவது வேணும்" என்றார்.

இப்போது இரண்டு பேரும் கீழே பிரிண்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள். எந்தப் பட்டனை அமத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆளையாள் அதட்டுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்கிறது. நீங்கள் போனதிலிருந்து பெரியத்தான் கடைப் பார்சல்தான் சாப்பிட்டிருக்கிறார், அக்கா. இனி அப்படி விடமாட்டேன். இரண்டு தட்டில் சோறு போட்டாயிற்று, உள்படியால் இறங்கப் போகிறேன்.