ஒருத்தரை இரண்டு தடவை மறிக்கக் கூடாது

மணலூர்பேட்டை
23.01.2025

எழில்மதிக்கு,

என் அம்மாவின் வேலையைப் பறித்தது நீதான்.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இருப்பது ஊருக்கே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் செய்தித்தாள் இணைப்பில் உன் படம் வந்திருந்தது. கல்வராயன் மலையில் ஏதோ ஓர் அருவிக்கு முன்னால் நீயும் உன் நண்பர்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு பட்டன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். ரீல்ஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெள்ளிமலையில் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாயாம். 'இப்போது யாருடைய சத்தமும் என் காதில் விழுவதில்லை' என்று நீ சொன்னதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். விழாதுதான். அந்தச் சத்தம் எல்லாம் எங்கள் தெருவில் விழுந்துகொண்டிருக்கிறது.

நீ போனைத்தான் விட்டாய். உன் பக்கத்தை மூடவில்லை. கடைசியாக 'விடைபெறுகிறேன்' என்று ஒரு படம் போட்டுவிட்டு அப்படியே போய்விட்டாய். அதற்கு இரண்டு படம் தள்ளி என் அம்மா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள். நேற்றுவரை பதினோரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நாளை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். புரட்டாசியில் பெண்ணையாற்றை ஒட்டி உன் மாமா சிவசங்கர் கழனியில் கடைசி நாள் நடவு. கடைசி நாளில் நிலத்துக்காரர் வந்தால் நடவு ஆட்கள் ஒரு நாற்று முடியை வழியில் போட்டு மறிப்பார்கள். நாற்றைத் தாண்டிப் போகக் கூடாது. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கேலி பேசலாம், என்ன பேசினாலும் அன்றைக்குக் குற்றமில்லை. உன் மாமா பைக்கில் வந்தார். அம்மா நாற்றைப் போட்டாள். "எறங்குங்க சின்னவரே, நாத்த தாண்டிப் போனா வெளச்சல் வூடு வந்து சேராது" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

அதை நீ படம் பிடிக்கவில்லை. போனை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இன்னொரு தடவை செய்யச் சொன்னாய். அம்மா உடனே மறுத்தாள். "ஒருத்தர ரெண்டு வாட்டி மறிக்கக் கூடாதும்மா, அது பழக்கமில்ல" என்றாள். உன் மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி வந்தார். அம்மா மறுபடி நாற்றைப் போட்டாள். ஏற்கெனவே கொடுத்துவிட்டதால் இந்த முறை அவர் கையை விரித்தார். "காசில்லன்னா வேட்டிய அவுத்து வெச்சிட்டுப் போங்க" என்று அம்மா இடுப்பில் கைவைத்து ஓர் ஆட்டம் ஆடினாள். பன்னிரண்டு பெண்களும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

நீ போட்டது அதை மட்டும்தான். பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? சேற்றுக் கையோடு ஒருத்தி வழிமறித்து ஒரு மனிதரின் வேட்டியை அவிழ்க்கச் சொல்கிறாள். அவர் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே நீ எழுதியது ஊர்ப் பெயர் மட்டும்: கள்ளக்குறிச்சி. போதாதா? 'போன ஆனியில் குடிச்சது இன்னும் இறங்கலையா அக்கா' என்று முதல் ஆள் எழுதினான். அதற்கு நாலாயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள்.

போன ஆனியில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களில் என் மாமா பாவாடையும் ஒருவர். நீ துக்கத்துக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். தம்பி போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கழனியில்தான், மூன்று மாதம் கழித்து. அதைத்தான் குடிகாரியின் ஆட்டம் என்கிறார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளிடம் இருப்பதும் நீ வைத்திருக்கும் அதே மாதிரி பட்டன் போன்தான், அதில் எதையும் பார்க்க முடியாது. தங்கை சுபஸ்ரீதான் தன் போனில் காட்டினாள். "கீழ இன்னாடி எழுதிக்கினு இருக்கானுங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "நல்லா ஆடுறீங்கன்னு எழுதியிருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் அம்மா தெருவெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள், அம்மாவோடு நடவு நடுகிற ராணியம்மாளின் மகன் உண்மையைப் படித்துக் காட்டினான்.

பன்னிரண்டு பெண்களை வேலைக்குக் கூட்டிப் போவது அம்மாதான். நிலத்துக்காரர்கள் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஐப்பசியிலிருந்து அந்தப் போன் அடிக்கவில்லை. கேட்டால், "உங்கம்மா செல்லியம்மா வேணாம்மா, அவ வந்தா பசங்க போனத் தூக்கிக்கினு கழனிக்கே வரானுங்க" என்கிறார்கள். இப்போது தை மாத நவரை நடவு. ராணியம்மாள்தான் ஆட்களைக் கூட்டிப் போகிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். "அக்கா, நீ வூட்லயே இரு, உன் பங்கு வேலைய நானு நட்டுத் தரேன்" என்று ஒரு நாள் வந்து அழுதுவிட்டுப் போனார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அம்மா வெளியே போவதையே விட்டாள். துணி துவைக்கக்கூட விடிவதற்குள் போய் வந்துவிடுகிறாள்.

உன் மாமா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். 'அது பழக்கம்தான், நான் முன்னாடியே காசு கொடுத்துட்டேன்' என்று அவர் சொன்னால் போதும். நான் போய்க் கேட்டேன். "பழசாயிடும் விடும்மா, ரெண்டு மாசம்" என்றார். டீக்கடையில் யாராவது 'வேட்டி பத்திரம்' என்றால் அவரும் சேர்ந்து சிரிக்கிறாராம். அவருக்கு அது வேடிக்கை.

சுபஸ்ரீ பன்னிரண்டாவது படிக்கிறாள். வகுப்புக்குள் போனால் பின்பெஞ்சில் அம்மாவின் குரல் ஒலிக்கிறதாம், அதே வேட்டி வரி. வீட்டில் வந்து அழுதாள். அப்பா கொளஞ்சியப்பன் என்ன செய்தார் தெரியுமா? எல்லாம் இந்தப் போனால் வந்தது என்று அவள் போனைப் பிடுங்கி அரிசி டிரம்மில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒரு பட்டன் போனை வாங்கிக் கையில் கொடுத்தார். நீ செய்தித்தாளுக்குக் காட்டிச் சிரிக்கிற அதே போன் எங்கள் வீட்டில் தண்டனை. அவள் கணக்குப் பாடம் பார்ப்பதும் அந்தப் போனில்தான், இப்போது அதுவும் இல்லை.

நானும் ஒரு வாரம் போனை விட்டுப் பார்த்தேன், சிரிக்காதே. எனக்கும் இதையெல்லாம் பார்க்காமல் இருக்க ஆசைதான். நான் வேலை செய்யும் திருக்கோவிலூர் ஜவுளிக்கடையில் யார் எந்த நேரம் வர வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில்தான் போடுவார்கள். தெரியாமல் மதியம் போய் நின்றேன், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனை விடுவதற்கும் ஒரு வசதி வேண்டும் எழில்.

உன் புது நம்பரை உன் அம்மாவிடம் கேட்டேன். "அவ நிம்மதி வேணும்னு போயிருக்கா, நீ எதுக்கு இதெல்லாம் அவகிட்ட எடுத்துக்கினு போற" என்றார்கள். எனவே போன ஞாயிறு நானே வெள்ளிமலைக்கு வந்தேன். நீங்கள் எல்லோரும் அருவிக்குப் போயிருப்பதாகப் படிப்பகத்தில் சொன்னார்கள். கடைசி பஸ்வரை நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பாறைமேல் நான்கு பிள்ளைகள் ஒரே போனை மாறி மாறித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உதவித்தொகை விண்ணப்பம் போகவில்லையாம். நீ வேண்டாம் என்று விட்டுவந்த சிக்னலைத்தான் அவர்கள் அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள். உன் மாணவர்களாகக்கூட இருக்கலாம்.

அந்த ரீலை அழி. நாங்கள் புகார் கொடுத்துப் பார்த்துவிட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. உன்னால் மட்டும்தான் முடியும். ஊரெல்லாம் பரவியதை நீ திருப்பி எடுக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் மூலத்தை எடுத்தால் அம்மாவின் குரலை எடுத்துப் போட்டு மற்றவர்கள் ஆடிய ரீல்களில் பாதியாவது ஊமையாகிவிடும் என்று செல்போன் கடை கவியரசன் அண்ணன் சொல்கிறார். பாதி போதும்.

பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் எழுது.

கலையரசி


மணலூர்பேட்டை
17.02.2025

எழில்மதிக்கு,

ஒப்புகை அட்டை வந்துவிட்டது. அதில் உன் கையெழுத்து இருக்கிறது. கல்லூரி ரெக்கார்டு நோட்டில் போடுவாயே, கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி, அதே கையெழுத்து. நீ கையெழுத்துப் போட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது. ரீல் அப்படியே இருக்கிறது.

கோபத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். பிறகு என் பழைய கடிதத்தில் என்ன எழுதினேன் என்று யோசித்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. உனக்கும் தெரியும், அதைப் பார்த்துத்தான் நீ பதில் எழுதவில்லையோ என்னவோ.

இரண்டாவது தடவை செய்யச் சொன்னது நீ இல்லை, நான். நீ "பரவால்ல விடுடி" என்றுதான் சொன்னாய். அம்மா மறுத்தபோது அவள் கையில் மறுபடி நாற்று முடியைத் திணித்தது நான். "போன வாட்டி மாதிரியே வேணாம்மா, கொஞ்சம் நல்லா எதுனா சொல்லு" என்று கேட்டதும் நான். அந்த வேட்டி வரி எனக்காக அம்மா யோசித்துச் சொன்னது. உன் பக்கத்தில் என் அம்மா வந்தால் எனக்குப் பெருமை என்று நினைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தடவை எண்ணிக்கொண்டிருந்தவளும் நான்தான். இதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும். ஒரு நாள்கூட 'நீ சொல்லித்தானே செஞ்சேன்' என்று கேட்டதில்லை.

ஆகவே முதல் வரியை மாற்றிக்கொள்கிறேன். பறித்தது நாம் இரண்டு பேர். ஆனால் சாவி உன்னிடம் மட்டும் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். என்னை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போகிறேன் என்று அம்மா நைனார்பாளையத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய்ப் பருத்தி எடுக்கப் போனாள். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மடி நிறையப் பருத்தி எடுத்தேன் என்று சந்தோஷமாகப் பேசினாள். மூன்றாம் நாள் எடை போடும் இடத்தில் ஒருவன் அம்மாவின் முகத்தையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தானாம். பிறகு சத்தத்தைக் கூட்டி வைத்தானாம். அம்மா மடியில் இருந்ததை அங்கேயே கொட்டிவிட்டு, எடைகூடப் போடாமல் நடந்தே போய் பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததிலிருந்து அந்தப் பட்டன் போனை அணைத்தே வைத்திருக்கிறாள். "யார் கூப்புடப் போறாங்க, சார்ஜ் எதுக்கு வீணா" என்கிறாள்.

உனக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்து நேற்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணுக்கா? திட்டி எழுதாதடி. அது நம்ம வூட்ல சோறு தின்ன பொண்ணு. மலையில குளுரு ஜாஸ்தி, ஒடம்பப் பாத்துக்கச் சொன்னேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ டச் போன் வாங்க வேண்டாம். உன் நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். யாருடைய கமெண்டையும் படிக்க வேண்டாம். இதோடு என் முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிய உறை வைத்திருக்கிறேன். ஒரு தாளில் உன் பக்கத்தின் பாஸ்வேர்டை எழுதி அதில் போடு. நான் உள்ளே போய் அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். வேறெதையும் தொட மாட்டேன். நுழையும்போது உன் பழைய நம்பருக்கு ஓடிபி வரும். பழைய சிம்மை உன் பட்டன் போனில் போட்டு வை, நான் அதற்குக் கூப்பிடுகிறேன். ஆறு எண்ணைப் படித்துச் சொல்ல அந்தப் போன் போதும்.

அடுத்த நடவு ஆடிக்குப் பிறகுதான் எழில். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று நினைக்காதே. அம்மா போனை அணைத்து வைத்து இன்றோடு ஒன்பது நாள்.

பாஸ்வேர்டை எழுதி அனுப்பு.

கலையரசி