ரொட்டி மாவில் சிக்காத மோதிரம்

என் ரோசலினுக்கு, உன் புனிதா பேசுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் மகன் ஜோயலுக்கு நேற்றுக் கல்யாணம் ஆகிவிட்டது. மோதிரம் அவன் விரலில் இருக்கிறது. மோதிரத்தில் உன் கம்மல் கற்கள் மூன்றும் இருக்கின்றன. காலையிலிருந்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் யார்கிட்ட சொல்லாம இருக்க?" என்று கேட்டார். உன்னிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவரை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று என்கிறாளே, கம்மல் ஜோடியில் நாலு கல் இருந்ததே என்று நீ கேட்பாய். இருந்தது. அதையும் சொல்கிறேன். கோபப்படாதே. நாங்கள் எல்லோரும் கோபப்பட்டு முடித்துவிட்டோம்.

நீ இருக்கும்போது ஜோயல் வீட்டுக்குள் மாவுக்குப் பதிலாக ஈரத் துண்டை வீசி ரொட்டி சானாய் போடப் பழகிக்கொண்டிருந்தான், நினைவிருக்கிறதா? சுவரெல்லாம் தண்ணீர் தெறித்தது என்று நீ திட்டினாய். இப்போது தெப்ராவில் அவனுக்குச் சொந்தக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் உட்கார இடம் கிடைக்காது. மாவை அவன் வீசி விரிப்பதைப் பார்க்கவே பிள்ளைகள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஷாமினியும் அந்தக் கடைக்குச் சாப்பிட வந்தவள்தான். ரெங்கத்துப் பெண். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய்விட்டு, சாயங்காலம் அதே நெரிசலில் திரும்பி வருகிறவள். வாயும் கொஞ்சம் நீளம். உனக்குப் பிடித்திருக்கும். உனக்கும் அவளுக்கும் சண்டை வந்திருந்தால் நான் யார் பக்கம் நின்றிருப்பேன் என்றுதான் தெரியவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு உன் கம்மலிலிருந்து ஒரே ஒரு கல்லை ஜோயல் கேட்டான். உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் இரண்டு நாள் இழுத்தடித்தார். பிறகு தானே எடுத்துக் கொடுத்தார். கல்லை நான்கு கொக்கிகள் தூக்கிப் பிடித்த மாதிரி மோதிரம் செய்துகொண்டான். அழகாகத்தான் இருந்தது. நாலு பக்கமும் வெளிச்சம் புகுந்து கல் மின்னியது. ஆனால் அவன் செய்யும் தொழிலுக்கு அந்த மோதிரம் ஒத்துவரவில்லை. கொக்கி மாவில் மாட்டும். விரிக்கும்போது மாவு கிழியும். கழற்றி வைத்தால் எங்கே வைத்தோம் என்று தேடுவான். அதனால் போட்டுக்கொண்டே வேலை செய்தான்.

ஒரு ஞாயிறு காலை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், பார்த்தால் மோதிரத்தில் கொக்கி இருக்கிறது, கல் இல்லை.

அன்றைக்கு நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். ஜோயல் அடுப்பை அணைத்துவிட்டான். ஷாமினி எண்ணெய்த் தட்டில் இருந்த மாவு உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்தாள். அந்தோணி அண்ணன் தரையில் மண்டியிட்டு மாவுப் பொடியைக் கையால் கூட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் நான்தான் போய் மெதுவாக மென்று சாப்பிடச் சொன்னேன். ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் ரொட்டியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கல் கிடைக்கவே இல்லை. யாரோ பருப்புக் கறியோடு விழுங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணத் தேதி நெருங்கியதும் இரண்டு பேரும் என் பட்டறைக்கு வந்தார்கள். நாம் ஒன்றாக மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்த தொழிற்சாலையில் ஆள் குறைத்த பிறகு நான் சேர்ந்தேனே, அதே நகைப் பட்டறைதான். இன்னும் அங்கேதான் கல் பதிக்கிறேன். ஜோயல் உட்காராமலே, கல்லே வேண்டாம், வெறும் வளையம் போதும் என்றான். அவனுக்குப் பயம். ஷாமினி விடவில்லை.

"அத்தைய நான் பார்த்ததே இல்ல சின்னம்மா. அவங்க கல்லாவது எங்ககூட இருக்கட்டும். ஆனா கழட்டி வச்சிட்டு ரொட்டி போடுற மாதிரி இருந்தா எனக்கு வேணாம்."

இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டபோதே எனக்குள் ஒரு துள்ளல் வந்துவிட்டது, ரோசலின். ஏனென்றால் அவள் கேட்டதற்கு என் கையில் பதில் இருந்தது. ஃப்ளஷ் செட்டிங் என்போம். கல்லைக் கொக்கியில் தூக்கி நிறுத்தாமல், மோதிரத்தின் தடிப்புக்குள்ளேயே இறக்கிவிடுகிற வேலை. மேலே தடவினால் பொன்னும் கல்லும் ஒரே மட்டமாக இருக்கும். மாவு மாட்டுவதற்கு எதுவுமே நீட்டிக்கொண்டிருக்காது.

ஆனால் மீதி மூன்று கல்லும் அந்தோணி அண்ணனிடம் இருந்தன. அவரிடம் வெறும் வாயால் சொல்லிப் பயனில்லை என்று, ஒரு வெள்ளி வளையத்தில் மலிவான கல்லை அப்படிப் பதித்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். சட்டையில் தேய்த்தார், நூல் இழுக்கிறதா என்று. இழுக்கவில்லை. அப்புறமும் என்னைப் பார்த்து, "இதையும் மாவுல விட்டுட மாட்டீங்களே?" என்று கேட்டார்.

விடமாட்டேன் அண்ணே என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கம்மலைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கி மூடினார். உன்னை நினைத்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. கையை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

பட்டறை முதலாளி திருமதி லோவிடம் காட்டினேன். லென்ஸில் பார்த்தவுடனே உதட்டைப் பிதுக்கினாள். பழைய கற்கள், கையால் பட்டை தீட்டியவை. இரண்டு கற்கள் பரவாயில்லை, மூன்றாவது முழு வட்டமே இல்லை என்றாள். சுற்றிலும் பொன்னால் வேலி கட்டுகிற மாதிரி செய்துவிடு, எதற்கு வம்பு என்றும் சொன்னாள். வேலி கட்டினால் அது மேலே எழும்பி நிற்கும், மறுபடியும் மாவில்தான் போய் மாட்டும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் பதினெட்டு காரட் எடு, இருபத்திரண்டு ரொம்ப மிருது, இவன் கை வேலைக்குத் தேய்ந்துவிடும் என்று வழிக்கு வந்தாள்.

வளையத்தைத் தடிப்பாக அடித்து, ஜோயல் விரலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கல்லைத் தொட்டேன். இதில் அளவு முதலிலேயே சரியாக அமையவேண்டும். கல் பதித்த பிறகு வளையத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ போனால் குழி நெளிந்து கல் ஆட ஆரம்பித்துவிடும். மாவு பிசைந்து பிசைந்து உன் மகனின் விரல் மூட்டு எவ்வளவு தடித்திருக்கிறது தெரியுமா?

பிறகு துளை. துளைக்கு மேலே, கல்லின் அடிப்பாகம் எப்படிச் சரிந்து போகிறதோ அதே சரிவில் ஒரு குழி. கல்லின் அகலமான இடத்தை, இடுப்பு மாதிரி இருக்குமே, அதை அந்தக் குழி சுற்றிலும் தாங்கவேண்டும். குழி மயிரிழை பெரிதானால் கல் ஆடும். மயிரிழை சிறிதானால் உள்ளே போகாது. அமுக்கினால் விளிம்பு சிதறும். கல் உட்கார்ந்ததும், வழவழப்பான எஃகு முனையால் குழியின் உதட்டை அழுத்தித் தேய்க்கவேண்டும். இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப் பக்கம் கொஞ்சம். பொன் இளகி நகர்ந்து கல்லின் விளிம்புமேல் படியும். பசை கிடையாது, கொக்கி கிடையாது. சுற்றிலும் இருக்கிற பொன் முழுக்க அந்தக் கல்லைப் பிடித்துக்கொள்கிறது.

முதல் கல்லும் இரண்டாவது கல்லும் நல்ல பிள்ளைகள். டக்கென்று உட்கார்ந்தன. மூன்றாவதுதான் படுத்தியது. ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது. எந்தத் துளைமுனையும் வட்டமாகத்தான் வெட்டும். வட்டமில்லாத கல்லுக்கு எங்கே போவது? ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் தூக்கியது. மெழுகு முனையில் ஒட்டி எடுப்பேன், பார்ப்பேன், மறுபடியும் வைப்பேன். என் கழுத்தில் வியர்வை ஓடியது. திருமதி லோ எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, சின்ன உளியால் அந்தப் புடைப்புக்கு மட்டும் குழியின் ஓரத்தில் கொஞ்சம் சீவினேன். துகள் கண்ணுக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சீவினேன். கல்லை வைத்து, திருப்பி, புடைப்பும் பள்ளமும் சேரும் இடம் வந்ததும் பித்தளைக் குச்சியால் மெல்ல அழுத்தினேன். விரல் நுனியில் ஒரு சின்னச் சொடுக்கு. காதில் கேட்கவில்லை, விரலில்தான் தெரிந்தது. கல் சரியாக உட்கார்ந்துவிட்டது!

ஆனால் அதற்குப் பிறகுதான் பெரிய ஆபத்து. உதட்டைத் தேய்க்கும்போது எஃகு முனை வழுக்கிக் கல்மேல் இடறினால் எல்லாம் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். முடித்து, இடுக்கியால் தட்டினேன், அசைவில்லை. பஞ்சை மேலே இழுத்தேன், ஒரு இழைகூடத் தங்கவில்லை. திருமதி லோ வாங்கி லென்ஸில் பார்த்தாள். "போலே லா," என்றாள், தேறும் என்று. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். இந்த வயதில்!

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், கடையில் வைத்தே சோதித்துப் பார்க்கலாம் என்றாள் ஷாமினி. கோயிலில் ஃபாதர் மந்திரிக்கும் முன்னால் மோதிரத்தை ரொட்டியில் போடலாமா என்று அந்தோணி அண்ணன் தயங்கினார். மந்திரித்த பிறகு கல் விழுந்தால் பரவாயில்லையா மாமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவரே முதலில் கடைக்குக் கிளம்பினார். அதனால் நாங்கள் எல்லோரும் ஜோயலின் ரொட்டி மேடையைச் சுற்றி நின்றோம்.

அவன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு உருண்டையை எடுத்தான். தட்டினான். இழுத்தான். முதல் வீச்சு. இரண்டாவது வீச்சு. மாவு அவன் கைமேல் சுழன்று சுழன்று மெலிந்தது. கடைசியில் மேடையில் விரித்தபோது கீழே இருக்கும் எவர்சில்வர் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. ஷாமினி குனிந்து ஓட்டை தேடினாள். எங்கேயும் இல்லை. அவன் நிறுத்தாமல் அடுத்ததையும் எடுத்தான், அதற்கடுத்ததையும். யாரும் ஆர்டர் கொடுக்காத ரொட்டிகள் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தன.

அந்தோணி அண்ணன் மகனுடைய கையைப் பிடித்து நிறுத்தினார். ஒட்டியிருந்த மாவைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். மூன்று கல்லையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா கெட்டியா உட்கார்ந்துட்டா," என்றார்.

ஜோயல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஷாமினி எனக்கு ஒரு ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். அவள் கண்ணிலும் தண்ணீர், வாயில் சிரிப்பு. நீ அங்கே இருந்தாயா ரோசலின்? எனக்கு இருந்த மாதிரிதான் இருந்தது.

நேற்றுக் கோயிலில் தாலி கட்டினான். பிறகு மோதிரம் மாற்றினார்கள். ஷாமினி அவன் விரலில் போட்டபோது மூட்டில் கொஞ்சம் தடைப்பட்டது. அவள் அவனை முறைத்துவிட்டுத் திருகிப் போட்டாள். முன்வரிசையில் அந்தோணி அண்ணன் சத்தமாகவே சிரித்துவிட்டார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. ஃபாதர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

விருந்தில் ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. பாலோவிலிருந்து உன் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். ஷாமினியின் சிங்கப்பூர் தோழிகள் மாப்பிள்ளையை ரொட்டி வீசச் சொன்னார்கள். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேசைத் துண்டை வீசிக் காட்டினான். மண்டபமே கைதட்டியது. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நல்ல பதிப்பானாலும் பொன் தேயும், ரோசலின். தினமும் மாவிலும் சோப்பிலும் புழங்குகிற கை. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை அதை வாங்கி லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். உதடு தேய்ந்திருந்தால் மறுபடி அழுத்திக் கொடுப்பேன். அதை வாங்க வீட்டுக்குப் போகும்போது அண்ணன் நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா என்று கேட்பேன். ஜோயலும் ஷாமினியும் சண்டை போட்டால், முதலில் உன் மருமகள் பக்கம் பேசுவேன். மோதிரத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, என் கண்ணில் பார்வை இருக்கிற வரைக்கும் உன் வீட்டைப் பார்த்துக்கொள்வேன். இது சத்தியம்.

உன் பிள்ளைக்குச் சின்னம்மா, நேற்றிலிருந்து உன் மருமகளுக்கும் சின்னம்மா,
கூடப் பிறக்காத உன் தங்கை புனிதா