அவிழ்க்காத காப்பு

இன்று காலை உன் ஜெராக்ஸ் மிஷினில் நம் ஊர் நோட்டை வைத்து ஒரு பிரதி எடுத்தேன். காகிதம் சூடாக வெளியே வந்தது. அந்த வாடையில் நீ பக்கத்தில் நிற்பது போல இருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

நீர்த்தேக்கத்துக்குள் போன ஊரை ஒரு நோட்டில் திரும்பக் கட்டியவள் நீ. பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் நகல் எடுக்க உன் கடைக்கு வரும், ஊரை விட்டு வந்து குடியேறிய நம் காலனிக்காரர்களைச் சும்மா அனுப்ப மாட்டாய். "உங்க வூடு எந்தத் தெரு? பக்கத்துல யாரு இருந்தாங்க?" என்று கேட்டுக் கேட்டு வரைந்தாய். கோடையில் தண்ணீர் வற்றினால் இடிந்த சுவர்களை அளக்க என்னையும் இழுத்துப் போவாய். செத்த ஊருக்கு இவ்வளவு சேவகமா என்று நான் கிண்டல் செய்வேன். பள்ளத்தில் இருந்த அம்மன் கோவில் பக்கம் மட்டும் போக மாட்டோம். அங்கே சேறு முழுதாகக் காய்வதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நான்தான் எழுதவிடவில்லை. நாம் சிறுமிகளாக இருந்தபோது, ஊரின் கடைசி ஆடியில், அம்மன் சூலத்தில் காப்புக் கட்டினார்கள். அதை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டி யாரும் ராத்தங்கக் கூடாது. மூன்றாம் நாளே தண்ணீர் வந்துவிட்டது. ஊரே லாரியில் ஏறியது. மஞ்சள் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. அதன்பிறகு காலனியில் வயசுப்பிள்ளை யாராவது செத்தால் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"அத எழுதாதபா. ஜனங்க தூங்காதுங்க. இந்நேரம் கயிறே மக்கிப் போயிருக்கும்" என்றேன்.

"கயிறு மக்கும்பா. கட்டு மக்குமா?" என்றாய். நோட்டை மூடி வைத்துவிட்டு, "எழுத வேணான்னா வுடு. நானே போய் அவுத்துட்டு வந்துடறேன். சூலம் அங்கதான நின்னுக்கினு இருக்குது" என்றாய்.

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மறுநாள் தேங்காயும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு தனியாகப் போனாய். சேற்றிலிருந்து உன் உடலைத் தூக்கியவர்கள், கோவிலுக்குப் பத்தடி தூரத்தில் நீ கிடந்ததாகச் சொன்னார்கள். போகும்போதா, திரும்பும்போதா என்று யாருக்கும் தெரியவில்லை.

நேற்று ஏழுமலை அண்ணன் வந்தார். இந்த ஆடியில் காலனியில் திருவிழா எடுக்கிறார்கள், அவர்தான் தலைவர். பழைய முறை தெரிய நோட்டின் நகல் வேண்டுமாம். பக்கங்களைப் புரட்டினார்.

"ஏம்மா, பழைய காப்ப பின்னாலயாவது யாராச்சும் அவுத்தாங்களா? அத அவுக்காம புதுசு கட்டக் கூடாதே. இதுல ஒன்னும் இல்லியே."

இல்லை என்று சொன்னால் இன்னொருவர் அந்தச் சேற்றில் இறங்குவார்.

"அவுத்தாச்சுண்ணா" என்றேன்.

"யாரு?"

உன் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. தீ மிதிக்க நேர்ந்துகொண்ட என் மகளும் கையை நீட்டுவாள். நீ அவிழ்த்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் விழுந்தாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு வழியில்லை.