ஜமீன் இல்லை என்று சொன்னவள்

புக்கிட் பாஞ்சாங்
2.6.1956

அன்புள்ள முத்தலிப்,

இங்கே எல்லோரும் சுகம். பெருநாளன்று உன் வீட்டுக்காரி நஃபீசா போட்ட பிரியாணியைப் பற்றி என் வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. நீதான் இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

ஒரு காரியமாக எழுதுகிறேன். என் வகுப்பில் படிக்கும் லீலாவின் அப்பா கோவிந்தசாமிக்குக் கல் குவாரியில் வேலை. மேஸ்திரியோடு கைகலப்பாகி, போலீஸ் பிடித்துவிட்டது. வியாழக்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவனுக்காக நான் பொறுப்பு நிற்பதாகச் சொல்லி, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. உன்னையும் காணவில்லை. உள்ளே போன அவன் மனைவி பூவம்மா அழுதுகொண்டு வந்தாள். "நிலம் இருக்கான்னு கேட்டாங்க சார். இல்லேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

குமாஸ்தாவைக் கேட்டால், இனி பதினெட்டாம் தேதிதான் என்று விரட்டிவிட்டார்.

கோர்ட்டில் எதற்கு நிலத்தைக் கேட்கிறார்கள்? நீ அங்கேதானே மொழிபெயர்க்கிறாய், விசாரித்து எழுது. கோவிந்தசாமிக்கு மூச்சிழுப்பு உண்டு. அதுதான் பயமாக இருக்கிறது.

உன் செல்லக்கண்ணு


ஃபேரர் பார்க்
5.6.1956

பிரியமுள்ள செல்லக்கண்ணுவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோர்ட்டில் கேட்டது ஜாமீன். அந்த அம்மாள் காதில் ஜமீன் என்று விழுந்திருக்கிறது. இப்படிக் குழம்புவது புதிதல்ல.

ஜாமீன் அரபுச் சொல். சின்ன வயதில் எங்களுக்கு 'ளாமின்' என்று ஓதிக்கொடுப்பார்கள், ரமளானில் வரும் அதே எழுத்து. இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பவர் என்று பொருள். பாரசீகம் பேசியவர்கள் வாயில் அந்த எழுத்து மாறி, நம்மிடம் வந்தபோது ஜாமீன் ஆகிவிட்டது. ஜமீன் பிறப்பிலேயே பாரசீகம். தரை, மண், நிலம் என்று அர்த்தம். ஜமீன்தார் அதிலிருந்து வந்தவர். கேட்பதற்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உன் மாணவர்களுக்குச் சொன்னால் ரசிப்பார்கள்.

பதினெட்டாம் தேதி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட நானே ஏற்பாடு செய்கிறேன். அதுவரை பொறுத்திரு. நாள் ஓடிவிடும்.

அன்புடன்
முத்தலிப்


புக்கிட் பாஞ்சாங்
15.6.1956

முத்தலிப்,

கோவிந்தசாமி புதன்கிழமை இறந்துவிட்டான். காவலில் இழுப்பு அதிகமாகி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. நேற்று தகனம்.

சுடுகாட்டிலிருந்து வந்ததும் பூவம்மாவின் மாமனார் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார்: "ஜாமீனுக்கு ஆளில்லேன்னு கோர்ட்டுல சொன்னவ நீதானே? வாத்தியார் வெளியில உக்காந்திருந்தாரே!" லீலாவைத் தன்னோடு செம்பவாங்குக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

"நான் என்ன சார் தப்பாச் சொன்னேன்?" என்று பூவம்மா என்னைக் கேட்கிறாள்.

அன்று அந்த அறையில் மொழிபெயர்த்தவர் யார்? பெயரை மட்டும் எழுது. புகார் கொடுக்கப் போகிறேன்.

செல்லக்கண்ணு


ஃபேரர் பார்க்
17.6.1956

செல்லக்கண்ணு,

என் பெயரை எழுதிக்கொள்.

அன்று காலை முப்பதுக்கு மேல் வழக்குகள். மாஜிஸ்திரேட் துரை அவசரத்தில் இருந்தார். நான் அவளிடம், "ஜாமீன் உண்டா?" என்று கேட்டேன். 'பெயில்' என்று கேட்டிருக்கலாம். 'யாராச்சும் பொறுப்பு நிப்பாங்களா' என்று கேட்டிருக்கலாம். ஆனால் நான் நல்ல வார்த்தை பேசுகிறவன் என்று எனக்கொரு எண்ணம். அவள், "எங்களுக்கு ஏதுங்க ஜமீன்? இருக்கறது ஒத்தை வாடகை ரூமு" என்றாள். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு துரையிடம் திரும்பி, ஆளில்லை என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்த நொடியே தெரிந்துவிட்டது. அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். என் வேலை நிரந்தரமாகும் நேரம். எழுந்து, தவறாகச் சொல்லிவிட்டேன் ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை. நீ வராந்தாவில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

நஃபீசாவிடம் சொன்னேன். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

முத்தலிப்


புக்கிட் பாஞ்சாங்
24.6.1956

முத்தலிப்,

உன் கடிதத்தைப் பூவம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டது ஒன்றுதான். "நான் ஆளில்லேன்னு சொல்லலேன்னு அவரையே ஒரு காகிதத்துல எழுதித் தரச் சொல்றீங்களா சார்? மாமா கிட்டக் காட்டினா லீலாவை விட்டுருவாரு." அதை எழுதி அனுப்பு. எளிதான தமிழில் எழுது.

கோர்ட்டில் நடந்ததை நான் மன்னித்திருப்பேன். முப்பது வழக்கு, அவசரம், மனிதன் தவறுவான். ஐந்தாம் தேதி எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாயே, அப்போது கோவிந்தசாமி உயிரோடு இருந்தான். அதன்பிறகும் எட்டு நாள் இருந்தான். ஒரே வரி, நான்தான் தவறிவிட்டேன் என்று எழுதியிருந்தால், மறுநாள் காலை வக்கீலோடு ஓடியிருப்பேன். நீ எனக்குச் சொற்களின் பிறப்பைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். லீலா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

செல்லக்கண்ணு


ஃபேரர் பார்க்
27.6.1956

செல்லக்கண்ணு,

காகிதம் இதோடு இருக்கிறது. இப்படி எழுதியிருக்கிறேன்:

"பூவம்மாவிடம் கோர்ட்டில் கேள்வி கேட்டவன் நான். அவளுக்குப் புரியாத வார்த்தையில் கேட்டேன். நிலம் இல்லை என்றுதான் அவள் சொன்னாள். பொறுப்பு நிற்க ஆளில்லை என்று அவள் சொல்லவே இல்லை. அது நான் சொன்னது. தப்பு என்னுடையது."

இதையே மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அங்கே எனக்கு வேலை இருக்காது. பூவம்மாவை ஒரு முறை நேரில் பார்க்க வரலாமா? நீ சரி என்றால் வருகிறேன்.

முத்தலிப்


புக்கிட் பாஞ்சாங்
9.7.1956

திரு. அப்துல் முத்தலிப் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய காகிதத்தைப் பூவம்மாவின் மாமனாரிடம் கொண்டுபோனேன். நான் வாசித்ததை அவர் நம்பவில்லை. பக்கத்துக் கடைக்காரரை அழைத்து வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு உள்ளே போய் லீலாவின் துணிகளை மடித்து எடுத்துவந்தார். போன வாரத்திலிருந்து பிள்ளை பள்ளிக்கு வருகிறது. பூவம்மாவுக்குக் குவாரியிலேயே கல் சுமக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

தாங்கள் வரவேண்டாம் என்கிறாள். தங்கள் மேல் கோபம் இல்லை என்றும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அது அவள் சொன்னது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

க. செல்லக்கண்ணு
ஆசிரியர்