மாப்பிள்ளைக்காக எழுந்தவள்

வேணி அப்பாவுக்கு,

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. இன்றுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவள் விழுந்த அன்றே எடுத்திருப்பார்கள். டாக்டர் சோதிக்க வந்த நேரம் பார்த்து, திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கி நீங்கள் உள்ளே வந்தீர்கள். மாப்பிள்ளையைக் கண்டதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நிக்கிறாங்களே, எலும்புக்கு ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அவள் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. நீங்களோ, "அத்தை சும்மாவே முனங்குவாக" என்று சிரித்தீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் முன்னால் அவள் உட்கார்ந்ததில்லை. "உக்காருங்க அத்தை" என்று ஒரு வார்த்தை உங்கள் வாயில் வந்ததுண்டா?

நாளை ஆபரேஷன். நீங்கள் வராதீர்கள். வந்தால் மறுபடியும் எழுந்திருக்கப் பார்ப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியாரின் மகள்